காவலும் முறையும்: புதுவை எல்லைப்புறத்தில் நீதி நம்பிக்கையின் வரலாறு

1. தோற்றுவாய்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வளவனூரைக் கடந்து சென்றால் மதகடிப்பட்டு, திருவண்டார்கோயில், திருபுவனை என்னும் ஊர்கள் வரும். இவை புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டவை. இவற்றை அடுத்துள்ள கண்டமங்கலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதற்கும் கிழக்கே உள்ள அரியூரும் வில்லியனூரும் மீண்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. கடல் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். இவ்வெல்லைப்புற ஊர்களோ வேற்றாட்சி சூழ்ந்த தீவுகள் ஆகும். ஒரே மொழி பேசி, ஒரே ஆற்று நீரைப் பாய்ச்சி, ஒருவரோடொருவர் கொள்வினை கொடுப்பினை செய்து வாழ்ந்த மக்கள், வாய்க்கால் ஒன்றைத் தாண்டினால் வேறு காவலர்க்கும் வேறு நீதிபதிக்கும் கட்டுப்பட்டவராயினர்.

இந்நிலை ஏற்பட்ட வரலாறு நன்கு அறியப்பட்டதே. ஆர்க்காட்டு நவாபின் நாடு 1801ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு முற்றும் வந்தபோது தென்னார்க்காடு ஒரு மாவட்டமாக அமைந்தது. ஐரோப்பியப் போர்கள் ஓய்ந்தபின், 1816ஆம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல், இந்தியா 1947இல் விடுதலை பெறும்வரை, இவ்வெல்லையின் இருபுறமும் இரண்டு ஐரோப்பிய அரசுகளின் காவலும் நீதியும் நின்றன. புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய அரசின் கைக்கு வந்தது. சட்டமுறையான இணைப்பு 1962 ஆகஸ்டில் நிறைவுற்றது.

காவலர்மீதும் நீதிமன்றத்தின்மீதும் மக்கள் கொண்ட நம்பிக்கை எக்காரணத்தால் குன்றுகின்றது என்பது இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட வினா. அதிகாரிகளின் கொடுமையே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவுடையதும் அன்று. இப்பகுதியின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கின் வேறோர் உண்மை புலப்படும். ஒன்று, 1716இல் புதுச்சேரியில் நடந்த நைனியப்ப பிள்ளை வழக்கு. மற்றொன்று, சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளைப் பற்றி 1855இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை. அவற்றைக் காண்பதற்கு முன், காவலையும் நீதியையும் பற்றித் தமிழர் வழங்கிய சொற்களைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

2. சொல்லும் பொருளும்

இக்காலத்தில் நீதி, நியாயம் என்று வழங்குவதைப் பழந்தமிழ் 'முறை' என்னும் சொல்லாற் குறித்தது. நீதி வழங்குதல் 'முறை செய்தல்' எனப்பட்டது. குறையுடையோன் அரசனிடம் சென்று கூறுதல் 'முறையிடுதல்' எனப்பட்டது. 'முறையீடு' என்னும் சொல் இன்றும் அப்பொருளில் வழங்குகின்றது. வழங்குவோன் செயலுக்கும் வேண்டுவோன் செயலுக்கும் ஒரே சொல் அடியாக நிற்பது கருதத்தக்கது. முறையிடுதற்கு வழி இல்லாவிடத்து முறை செய்தலும் இல்லை என்பது இச்சொல்லாட்சியிலேயே அடங்கியுள்ளது.

'ஆராய்ச்சி' என்னும் சொல்லும் அத்தகையதே. இன்று நூலாய்வைக் குறிக்கும் அச்சொல் முற்காலத்தில் வழக்கை விசாரித்தலையும் குறித்தது. மனுநீதிச் சோழன் கதையில் வரும் மணிக்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். அக்கதையில் கன்றை இழந்த பசு, அரண்மனை வாயிலில் தொங்கிய மணியைத் தானே இழுத்து அசைத்தது. இடையே வாயிற்காவலனோ அமைச்சனோ நின்று, யார்மீது முறையீடு என்று கேட்டுத் தடுக்கவில்லை. குற்றவாளி அரசன் மகனேயாயினும் மணியின் ஒலி அரசன் செவிக்கு எட்டியது. கதை நிகழ்ந்ததா என்பது ஈண்டு வினாவன்று. நல்லாட்சி என்றால் இன்னது எனத் தமிழ் மக்கள் எதை உள்ளத்துட் கொண்டனர் என்பதற்கு அது சான்றாகும். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. குற்றம் சாட்டிய பொற்கொல்லனே குற்றம் செய்தவனாயிருக்க, அவன் சொல்லை ஆராயாமல் ஏற்றமையே பாண்டியன் செய்த பிழை.

இனிக் 'காவல்' என்பதைக் காண்போம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் சொல் பயின்று வருகின்றது. ஊரைக் காக்கும் உரிமையையும் அதற்காக ஊரார் செலுத்தும் வரியையும் அது குறிக்கும். பிற்காலத்தில் தென்மாவட்டங்களில் நிலைபெற்றிருந்த தலக்காவல், திசைக்காவல் முதலிய முறைகளும் இதன் வழிவந்தனவே. இம்முறையின் அடிப்படை விதி ஒன்று உண்டு. களவு போன பொருளைக் காவற்காரன் மீட்டுத் தருதல் வேண்டும். மீட்க இயலாதாயின் ஈடு செய்தல் வேண்டும். காக்கத் தவறியதன் இழப்பு காப்பவனையே சாரும் என்பது இதன் கருத்து.

இம்முறை மாசற்றதாய் இருந்தது என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. களவாடிய மாட்டைத் திரும்பப் பெறத் 'துப்புக்கூலி' கொடுக்க வேண்டியிருந்தது. கூலி பெற்றவரும் களவாடியவரும் ஒரே கூட்டத்தார் என்ற ஐயமும் பல இடங்களில் எழுந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி பட்டறிவிற் பிறந்ததே. ஆயினும் காவற்காரன் ஊரில் வாழ்பவன். அவன் பெறும் கூலி ஊரார் கொடுப்பது. அவன்மீது குறை சொல்ல வேண்டுமாயின் ஊர்ப் பொதுவில் சொல்லலாம். முறையிடும் இடமும் முறையீட்டுக்கு உள்ளானவனும் வேறு வேறாக இருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

3. புதுவையில் ஒரு வழக்கு

புதுச்சேரியில் இந்தியரின் வழக்குகளை விசாரித்த மன்றத்தைப் பிரெஞ்சுக்காரர் 'ஷோத்ரி' என்று வழங்கினர். சென்னையில் ஆங்கிலேயர் 'சௌல்ட்ரி' என்றனர். இரண்டும் நம் 'சாவடி' என்னும் சொல்லோடு தொடர்புடையவை. வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடி வழக்குப் பேசவும் அமைந்த இடத்தின் பெயரே அயலார் நீதிமன்றத்திற்கும் ஆயிற்று. பெயர் உள்ளூர்ப் பெயராயினும், அதன் அதிகாரம் கும்பினியின் ஆளுநரிடமும் அவர்தம் ஆலோசனைச் சபையாரிடமுமே இருந்தது.

நைனியப்ப பிள்ளை 1708இல் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக அமர்ந்தார். துணி வாணிகத்திற்கு நெசவாளரோடும் வணிகரோடும் பேசிப் பொருள் சேர்த்தல், அயல் அரசர்களுக்குத் தூது அனுப்புதல், நகரத்து இந்தியரிடையே எழும் பூசல்களைத் தீர்த்தல் ஆகிய அனைத்தும் தலைமைத் தரகரின் கடமைகள். அவர் இந்து சமயத்தினர். அப்பதவி கிறித்தவர் ஒருவருக்கே உரியது என்று ஏசு சபைப் பாதிரிமார் வாதிட்டு வந்தனர். ஏபேர் என்னும் ஆளுநர், 1716 பிப்ரவரியில் நைனியப்பரைச் சிறை செய்தார். கொடுமை புரிந்தமை, கலகம் தூண்டியமை என்பன குற்றச்சாட்டுகள். அவருடைய மைத்துனரும் வாணிகத் துணைவருமான திருவேங்கடம் பிள்ளையும் சிறைப்பட்டார். இத்திருவேங்கடம் பிள்ளையே நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தையார் ஆவர்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தீர்ப்புக் கூறப்பட்டது. கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம், உடைமைகள் பறிமுதல், பின்னர் அவரும் அவர் மக்களும் புதுச்சேரியை விட்டு என்றென்றும் வெளியேற்றப்படுதல் என்பன தண்டனைகள். நைனியப்பர் 1717இல் சிறையிலேயே இறந்தார்.

இவ்வழக்கில் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது தண்டனையின் கடுமை அன்று, விசாரணையின் அமைப்பு. குற்றம் சாட்டியவர் ஆளுநர், விசாரித்தவர் ஆளுநர், தீர்ப்பு வழங்கிய சபையின் தலைவரும் ஆளுநரே. தமிழ்ச் சாட்சிகளின் வாய்மொழி, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பிரெஞ்சு எழுத்தாயிற்று. அம்மொழிபெயர்ப்பாளரோ பாதிரிமாரிடம் ஊழியம் செய்த உபதேசியாரின் மகன். தாம் படித்தறிய இயலாத ஏட்டில் சாட்சிகள் கையொப்பமிட்டனர் என்பது பின்னர் நிகழ்ந்த மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டப்பட்ட குறைகளுள் தலையாயது. வழக்காடுவோரின் மொழியும் வழக்கை எழுதும் மொழியும் வேறாகும்போது, மொழியறிந்த இடைத்தரகன் கையில் நீதி சிக்கிக்கொள்ளும் என்பதற்கு இது தெளிந்த எடுத்துக்காட்டு.

ஏபேரின்மேல் முறையிடுதற்குப் புதுச்சேரியில் ஓர் இடமும் இல்லை. ஆதலின் முறையீடு கடல் கடந்து பாரிசுக்குச் சென்றது. ஆளுநரோடு மாறுபட்டிருந்த பிரெஞ்சு வணிகரும் அதற்குத் துணை நின்றனர். நைனியப்பரின் மூத்த மகன் குருவப்ப பிள்ளை தாமே பிரான்சு சென்றார், கிறித்தவரானார், ஓர்லியன்சுக் கோமகன் அவருக்கு ஞானத்தந்தையாக நின்றார், அரசரின் வீரர் பட்டமும் பெற்றார். தீர்ப்பு மாற்றப்பட்டு, நைனியப்பர் குற்றமற்றவர் என்று 1720இல் உறுதியாயிற்று. ஏபேர் அதற்கு முன்பே பதவியிழந்திருந்தார். குருவப்பர் 1722இல் தந்தையார் வகித்த பதவியை ஏற்று, 1724இல் மறைந்தார்.

இதனை நீதியின் வெற்றி என்று கூறலாம். ஆனால் அவ்வெற்றி யாருக்குக் கிட்டியது என்பதையும் கேட்டல் வேண்டும். பெருஞ்செல்வமும் ஐரோப்பிய நண்பரும் கப்பலேறும் துணிவும் உடைய குடும்பத்திற்கு, தலைவர் இறந்து மூன்றாண்டுக்குப்பின், நீதி கிடைத்தது. அதே சாவடியில் கசையடி பட்ட எளியவனுக்குப் பாரிசு ஏது? தொலைவிலிருந்து வந்த நீதி அரசனின் பெருமையை உயர்த்தியது. அண்மையிலிருந்த மன்றத்தின்மீது நம்பிக்கையை வளர்க்கவில்லை. இக்கருத்தை மனத்திற் கொண்டு, நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்து, எல்லையின் மறுபுறத்தை நோக்குவோம்.

4. ஆங்கிலேயர் எல்லையில் காவலும் வரியும்

கும்பினியார் தென்னார்க்காட்டைப் பெற்றவுடன், வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு வகுத்த முறையை ஒட்டி, 1802ஆம் ஆண்டு விதிகளால் நீதியையும் வரியையும் பிரித்தனர். வரி தண்டுதல் கலெக்டரின் பொறுப்பு. குற்ற விசாரணையும் காவலின் மேற்பார்வையும் ஜில்லா நீதிபதியின் பொறுப்பு. இம்முறையில் காலதாமதமும் செலவும் மிகுந்தன. இதனை ஆராய்தற்கு 1814இல் தாமஸ் மன்றோவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பயனாக எழுந்தவையே 1816ஆம் ஆண்டு விதிகள்.

மன்றோ நாட்டு மக்களின் பழக்கங்களை நன்கறிந்தவர். கிராமத் தலைவர்க்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் அளித்தமை அவருடைய நன்னோக்கத்தைக் காட்டும். ஆனால் அதே சீர்திருத்தத்தால் மாஜிஸ்திரேட்டு அதிகாரமும் காவலின் மேற்பார்வையும் ஜில்லா நீதிபதியிடமிருந்து கலெக்டரிடம் மாறின. கலெக்டருக்குக் கீழே தாசில்தாரும், அவருக்குக் கீழே கிராம மணியக்காரரும், தலையாரியும், கச்சேரிச் சேவகரும் வரித் தண்டலையும் காவலையும் சேர்த்தே நடத்தலாயினர்.

இதன் விளைவைக் கண்டமங்கலம் போன்ற ஒரு சிற்றூரின் குடியானவன் நிலையிலிருந்து காண்போம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கிஸ்தி கேட்டு வந்தவன் சேவகன். கொடுக்க இயலாதவனைக் கச்சேரிக்கு இழுத்துச் சென்றவனும் அவனே. அங்கு அவன் அடித்தான் என்று முறையிட வேண்டுமாயின், முறையீட்டை வாங்குபவர் அச்சேவகனை அனுப்பிய தாசில்தார். தாசில்தாரின்மேல் முறையிட வேண்டுமாயின் கடலூர்க் கலெக்டர் கச்சேரிக்கு ஒரு நாள் நடைக்கு மேல் செல்ல வேண்டும். வரித்தொகை குறைந்தால் மேலிடத்திற்கு விடை சொல்ல வேண்டியவர் அக்கலெக்டர். குற்றம் சாட்டப்பட்டவனின் உழைப்பாலேயே அவருடைய கணக்கு நிறைவுற்றது. பழைய காவற்காரன் களவு போனதற்கு ஈடு கட்ட வேண்டியவனாய் இருந்தான். புதிய சேவகனோ வரி நிலுவைக்கு மட்டுமே பொறுப்பாளி ஆனான். அடிபட்டவனுக்கு எவரும் பொறுப்பில்லை.

5. 1855ஆம் ஆண்டு அறிக்கை

சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்குச் சித்திரவதை கையாளப்படுகின்றது என்னும் குற்றச்சாட்டு 1854 ஜூலையில் இங்கிலாந்துப் பொதுச்சபையில் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், ஹாரிஸ் பிரபு ஆளுநராக இருந்தபோது, சென்னை அரசினர் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரை விசாரணைக் குழுவாக அமர்த்தினர். இவர்களுள் ஜான் புரூஸ் நார்ட்டன் வழக்கறிஞர்; தென்னிந்தியாவின் நீதி நிருவாகத்தைக் கண்டித்து 1853இல் நூல் எழுதியவர். குறை கூற விரும்புவோர் நேரிலோ எழுத்து மூலமோ மூன்று மாதத்திற்குள் தெரிவிக்கலாம் என்று நாட்டு மொழிகளில் அறிவிப்புச் செய்யப்பட்டது.

குழுவுக்கு வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 நேரில் கூறப்பட்டவை. 1,440 எழுதி அனுப்பப்பட்டவை. இவ்வெண்ணிக்கையை அக்காலத்துப் போக்குவரத்து நிலையோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். சென்னை மாகாணத்தின் முதல் இருப்புப்பாதை, இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை, 1856இல்தான் திறக்கப்பட்டது. விழுப்புரம், புதுச்சேரி இருப்புப்பாதை 1879இல் வந்தது. விழுப்புரத்துப் பகுதியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நூறு மைல். ஐந்து நாள் நடை. இன்னும் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்தும் மக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சென்றனர். விசாரிக்கவே அதிகாரமுடைய, தண்டிக்கவோ ஈடு வழங்கவோ அதிகாரமில்லாத குழு அது. அதன் முன்னும் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் நேரில் நின்றனர் என்றால், தங்கள் ஊர்க் கச்சேரியை அவர்கள் எவ்வளவு நம்பவில்லை என்பது விளங்கும். முறை செய்வார் ஒருவர் எங்கேனும் இருப்பார் என்னும் நம்பிக்கையை அவர்கள் முற்றும் இழக்கவில்லை என்பதும் உடன் விளங்கும்.

அறிக்கை 1855 ஏப்ரல் 16ஆம் நாளிட்டது. அதிற் கூறப்பட்ட கொடுமைகளின் பெயர்களுட் சில தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில எழுத்தில் இடம்பெற்றுள்ளன. 'கிட்டி' என்பது இரு கோல்களுக்கிடையே விரல்களையோ கையையோ இட்டு நெருக்குங் கருவி. சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளின் பெயரும் இச்சொல்லும் ஒன்றாய் ஒலிப்பது உள்ளத்தை உறுத்துகின்றது. 'அண்ணாந்தாள்' என்பது கழுத்தையும் காலையும் கயிற்றாலோ அவனவன் துணியாலோ பிணித்து வளைத்து நிறுத்துதல். திண்ணைப் பள்ளிக்கூடத் தண்டனைகளுள்ளும் இப்பெயருடையது ஒன்று உண்டு. வெயிலில் நிறுத்துதல், முதுகில் கல்லேற்றுதல், மிளகாய்ப்பொடி இடுதல் முதலியனவும் கூறப்பட்டுள்ளன. இச்சொற்களைக் குழுவினர் மொழிபெயர்க்காமல் அவ்வாறே வழங்கினர். ஊரார் அனைவரும் அறிந்த வழக்காக அவை இருந்தன என்பது அதனாற் பெறப்படும்.

ஆயினும், கொடுமை நிகழ்ந்தது என்பதைக் காட்டிலும் தம் உள்ளத்தை மிகுதியும் வருத்தியது, கொடுமைக்குள்ளானோர் பரிகாரம் பெறுதற்கு இருந்த இடர்ப்பாடே எனக் குழுவினர் கருதினர். அவர்கள் காட்டிய காரணங்கள் பின்வருமாறு:

முதலாவது, தொலைவு. கலெக்டரை நேரிற் காண விரும்புவோன் தன் தொழிலை விட்டு நெடுந்தொலைவு சென்று, செலவு செய்து, காத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, விண்ணப்பம் திரும்பும் வழி. எழுதி அனுப்பிய விண்ணப்பம், விசாரிக்க என்னும் குறிப்போடு தாசில்தாருக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தாமோ தம் கீழ்ச் சேவகரோ இழைத்த தீங்கை விசாரிக்குமாறு தாசில்தாரே பணிக்கப்பட்டார். முறையிட்டவனின் பெயரும் அவர் கையிற் கிடைத்தது.

மூன்றாவது, தண்டனையின் சிறுமை. மாஜிஸ்திரேட்டு முன் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் ஐம்பது ரூபாய் தண்டமோ ஒரு மாதச் சிறையோ அவர் விதிக்கலாம். அதற்கு மேற்பட வேண்டுமாயின் வேறு மன்றத்திற்கு அனுப்ப வேண்டும். சாட்சிகளும் அங்குச் செல்ல வேண்டும்.

நான்காவது, சட்டம் ஏட்டளவில் நின்றமை. வருவாய் அதிகாரிகள் பணம் பறித்தலைத் தடுக்க 1822இலும் 1828இலும் விதிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றின்கீழ் மக்கள் முறையிட்டதாகக் குழுவினர் ஒன்றையும் கண்டிலர். உதவி கலெக்டர், கலெக்டர், வருவாய் வாரியம் எனப் படிப்படியாக ஏறும் அவ்வழியில், செல்வமுள்ள அதிகாரியோடு ஏழைக் குடியானவன் போராடுதல் இயலாது என்பது அவர்தம் முடிவு.

முறையீடுகளுள் ஒன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கொள்ளிடப் பாலப் பணிக்குப் பலகையும் கரியும் விறகும் விலையின்றித் தருமாறு தாசில்தார் கேட்டபோது மறுத்த பிராமணர் ஒருவர், பன்னிரண்டு பேராற் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். அவர் துணை கலெக்டரிடம் விண்ணப்பம் கொடுத்தார். அவ்வதிகாரி விசாரியாமல் அதனைக் கிழித்துப்போட்டார் என்பது அவர் கூற்று. பாலம் குறைந்த செலவில் முடிதல் வேண்டும் என்பதே மேலதிகாரியின் கருத்தாயிருந்தது என்று அவரே காரணமும் கூறினார். உடற்புண் ஆறும். விண்ணப்பம் தன் கண்முன் கிழிக்கப்பட்டதைக் கண்டவன் மீண்டும் அக்கச்சேரியின் படியேறுவானா?

குழுவின் அறிக்கைக்கும் ஒரு குறை உண்டு. கொடுமை அனைத்தும் நாட்டுச் சேவகரின் செயல். ஐரோப்பிய அதிகாரிகள் அதற்கு உடன்பட்டவரல்லர். தம் இனத்தாரிடமிருந்து காக்கும்படியே மக்கள் வேண்டுகின்றனர் என்று அது கூறியது. குழுவே எடுத்துக்காட்டிய செய்திகள் இதற்கு முற்றும் பொருந்தவில்லை. வரியின் அளவை உயர்த்தியவரும், நிலுவைக்குக் காரணம் கேட்டவரும், விண்ணப்பத்தைத் தாசில்தாருக்கே அனுப்பியவரும் யாவர்? கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் இவ்வறிக்கையை எடுத்தாண்டபோது இம்முரண்பாட்டையே சுட்டிக்காட்டினார். சேவகன் கையிலிருந்த கிட்டிக்கும் கலெக்டர் மேசையிலிருந்த கணக்கேட்டுக்கும் இருந்த தொடர்பைக் குழுவினர் முற்றக் கூறாது விடுத்தனர் என்பதே நம் கருத்து.

6. சட்டம் கற்ற பாடம்

அறிக்கையின் பின் ஏற்பட்ட மாற்றங்கள் மூன்று. முதலாவது, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்துப் போலீஸ் படை வருவாய்த் துறையினின்று பிரிக்கப்பட்டுத் தனித் துறையாயிற்று. இந்தியாவுக்குப் பொதுவான போலீஸ் சட்டம் 1861இல் வந்தது. 'போலீஸ்' என்னும் சொல் 'காவல்' என்பதன் இடத்தை மக்கள் வாயிற் பிடித்துக்கொண்டதும் இக்காலத்திற்குப் பின்னரே எனலாம்.

இரண்டாவது, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வாக்குமூலம் பெறுதற்காகத் துன்புறுத்துவதை 330ஆம் பிரிவிற் குற்றமாக்கியது. அப்பிரிவின் விளக்க எடுத்துக்காட்டுகளுள், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யப் போலீஸ் அதிகாரி வதைத்தலும், நிலுவை தண்ட வருவாய் அதிகாரி வதைத்தலும் இடம்பெற்றுள்ளன. இச்சட்டத்தின் முதல் வரைவு 1837இலேயே எழுந்தது. ஆதலின் அதனைக் குழுவின் விளைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் சட்டம் செய்தோர் அறிந்திருந்த நாட்டு நிலை அவ்வெடுத்துக்காட்டுகளில் நிழலாடுகின்றது.

மூன்றாவதே மிகவும் கருதத்தக்கது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சான்றாகாது என்று 1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் விதித்தது. அவ்விதி 1872இல் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவாயிற்று. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2024 ஜூலை முதல் நாளில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்தபோதும், அதன் 23ஆம் பிரிவில் இவ்விதி தொடர்கின்றது. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குத் தொடர்பான பகுதியை மட்டும் ஏற்கலாம் என்னும் விலக்கும் உடன் தொடர்கின்றது.

இவ்விதியின் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தானே அமர்த்திய காவலரின் முன் கூறப்பட்ட சொல்லைத் தன் நீதிமன்றம் நம்பலாகாது என்று அரசே சட்டம் செய்தது. கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் மக்கள் கொண்டிருந்த அவநம்பிக்கை சட்ட ஏட்டில் ஏறி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றுள்ளது. மக்களின் ஐயத்திற்கு இதனினும் உறுதியான அரசுச் சான்று வேறில்லை.

எனினும் ஐயம் நீங்கிற்றா எனின், இல்லை. ஆண்ட்ரு பிரேசரின் தலைமையில் 1902, 1903ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் விசாரித்த போலீஸ் குழு, இத்துறை மக்களின் நம்பிக்கையைப் பெறத் தவறிவிட்டது என்றே முடிவு கூறியது. விடுதலைக்குப் பின்னும் நிலை முற்றும் மாறவில்லை. பழைய தென்னார்க்காட்டிலேயே, கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்று காவலர் கூறினர். அவருடைய மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. காவலர் பெற்ற தண்டனையை உயர்நீதிமன்றம் 2006இல் உறுதி செய்தது. இந்நிகழ்ச்சியைத் தழுவிய திரைப்படம் 2021இல் வெளிவந்தமையால் நாடே அதனை அறிந்தது. ஈண்டும் நீதி கிடைத்தது; ஆனால் அது தொலைவிலிருந்து கிடைத்தது. 1720இல் பாரிசு நின்ற இடத்தில், 1854இல் நின்ற இடத்திலேயே, சென்னை மீண்டும் நின்றது.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மைகள் மூன்று.

ஒன்று: காவலின்மீதும் நீதியின்மீதும் நம்பிக்கை குன்றுதற்குக் கொடுமை மட்டும் காரணம் அன்று. முறையீட்டை ஏற்பவரும் முறையீட்டுக்கு உள்ளானவரும் ஒருவராதலே முதற்காரணம். ஏபேர் ஆளுநரின் சபையிலும் 1816க்குப் பிந்திய தாசில்தார் கச்சேரியிலும் அமைந்திருந்த குறை இதுவே. ஆட்சியாளர் பிரெஞ்சுக்காரராயினும் ஆங்கிலேயராயினும் விளைவு ஒன்றாகவே இருந்தது.

இரண்டு: மொழி. பிரெஞ்சு ஏட்டில் கையொப்பமிட்ட தமிழ்ச் சாட்சிக்குத் தன் வாக்கு என்னவாயிற்று என்பது தெரியாது. நாட்டு மொழியில் அறிவிப்புச் செய்த குழுவிடமோ மூன்று மாதத்தில் 1,959 முறையீடுகள் குவிந்தன. மக்கள் அறிந்த மொழியில் மணி தொங்கினால் அதனை அசைக்கும் கைகள் உண்டு என்பதற்கு அவ்வெண்ணே சான்று.

மூன்று: தொலைவிலிருந்து வரும் நீதி தனி ஒருவரின் துயரைத் துடைக்கலாம், ஊரில் இழந்த நம்பிக்கையை மீட்டுத் தாராது. அது அண்மையிலுள்ள மன்றம் பயனற்றது என்பதையே மக்களுக்கு மீண்டும் அறிவுறுத்துகின்றது. பாடிகாவலின் பழைய விதி, காக்கத் தவறியவனை ஊரிலேயே விடை சொல்லச் செய்தது. அவ்விதி வடிவத்தால் இக்காலத்திற்குப் பொருந்தாது போயினும், கருத்தால் இன்றும் பொருந்தும்.

கண்டமங்கலத்தின் இருபுறமும் நின்ற எல்லைச் சாவடிகளின் பழைய அதிகாரம் இன்று இல்லை. இருபுறத்தாரும் ஒரே நாட்டின் சட்டத்திற்கும், இறுதியில் ஒரே உச்ச நீதிமன்றத்திற்கும் உரியவர். ஆயினும் ஆராய்ச்சி மணி எந்த வாயிலில் தொங்குகின்றது, அவ்வாயிலைக் காப்பவர் யார் என்னும் வினாக்கள் இன்னும் விடை வேண்டி நிற்கின்றன. சென்னை ஆவணக் காப்பகத்திலும் புதுச்சேரி ஆவணங்களிலும் உறங்கும் முறையீடுகளைத் தமிழ் மாணவர் தம் மொழியறிவு கொண்டு ஆராய்வராயின், அரசர் வரலாற்றோடு முறையிட்டோர் வரலாறும் எழுதப்படும்.